கமலாவின் மறுப்பு
(கிருபாபாய் சத்தியநாதனின் இரண்டு நாவல்கள்)

தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். வேதநாயகம் பிள்ளை 1879, ராஜமய்யர் 1893-95, மாதவையா 1898. பட்டியலில் தவறில்லை. ஆனால் ராஜமய்யர் 'விவேக சிந்தாமணி'யில் மாதாமாதம் கமலாம்பாளின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அதே சமயம், அதே சென்னையில், க்ஷயரோகத்தில் உருகிக்கொண்டிருந்த ஒரு பெண் இன்னொரு கமலாவின் கதையை எழுதி முடித்தார். 1894-ல் அது புத்தகமாக வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். வயது முப்பத்திரண்டு.

கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரை நமது இலக்கிய வரலாறுகளில் தேடுகிறவனுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. பிறப்பால் மராட்டியர். மதத்தால் கிறிஸ்துவர். எழுதியது ஆங்கிலத்தில். இந்த மூன்றில் ஒன்று போதும், இங்கே ஒருவரை விட்டுவிட. அவரைத் தமிழ் எழுத்தாளராக்கி ஒரு நாற்காலி போட்டுக்கொடுப்பது என் உத்தேசமல்ல. அது அசட்டுத்தனம். அவர் எழுப்பிய ஒரு பிரச்னை நமது நாவலுக்குள் நுழைய எவ்வளவு காலம் பிடித்தது என்பதும், அவர் அதை எந்த அளவுக்குக் கலையாக்கினார் என்பதுமே என் அக்கறை.

வாழ்க்கைத் தகவல்கள் கொஞ்சம் தேவை. 1862-ல் அஹமத் நகரில் பிறப்பு. தகப்பனார் ஹரிபந்த் கிஸ்தி, தாயார் ராதாபாய். பம்பாய் ராஜதானியில் மதம் மாறிய முதல் பிராமணக் குடும்பங்களில் ஒன்று. தகப்பனார் சீக்கிரமே இறக்கிறார். அடுத்து, அவரைப் படிக்கத் தூண்டிய அண்ணன் பாஸ்கரும் போய்விடுகிறார். பம்பாயில் மிஷன் பெண்களிடம் படிப்பு. வைத்தியம் படிக்க இங்கிலாந்து போக வாய்ப்பு வந்தும் உடல்நிலை தடுக்கிறது. பதிலுக்கு 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார். முதல் வருஷம் நன்றாகத் தேறுகிறார். அதோடு உடம்பு மறுத்துவிடுகிறது. சென்னையில் அவர் தங்கியது ரெவரெண்ட் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். கேம்பிரிட்ஜ் படித்துத் திரும்பிய அவ்வீட்டு மகன் சாமுவேலை 1881-ல் மணக்கிறார். பின்பு உதகமண்டலம், ராஜமகேந்திரபுரம், மறுபடி சென்னை. பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை.

இந்த சத்தியநாதன் வீடு நமது பக்கத்து வீடு. மாமனார் திருநெல்வேலி சிந்துபூந்துறைக்காரர், பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்தபோது மதம் மாறியவர். மாமியார் அன்னா, கடாட்சபுரத்தில் ஊழியம் செய்த ஜான் தேவசகாயத்தின் மகள். அன்னா தாய்மார்களுக்காக 'நல்ல தாய்' என்று தமிழில் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். சென்னையில் பெண் பள்ளிக்கூடங்களையும் நடத்தினார். ஆக, ஒரே கூரையின் கீழ் மாமியார் தமிழிலும் மருமகள் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். மருமகளின் நாவலில் வருவது போன்ற மாமியாரல்ல அன்னா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம்.

முதல் நாவல் 'சகுணா' 1887-88-ல் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது; புத்தகமானது ஆசிரியர் இறந்த பிறகு, 1895-ல். ராஜமய்யரும் மாதவையாவும் அந்த வருஷங்களை ஒட்டி அந்தக் கல்லூரியில் மாணவர்கள். யார் யாரைப் படித்தார்கள் என்று துப்பறிகிற வேலை எனக்கு உவப்பானதல்ல. தமிழின் முதல் நாவலாசிரியர்களில் இருவர் நடமாடிய வராந்தாவில் இந்தப் பத்திரிகையும் கிடந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாவல்கள் வெளிவந்ததும் அவற்றுக்கு முன்னுரையும் ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பும் எழுதியவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளின் மனைவிமார்: திருமதி பென்ஸன், திருமதி கிரிக். 'சகுணா' விக்டோரியா ராணியிடம் கொடுக்கப்பட்டதாகவும், ராணி படித்துவிட்டு இவருடைய மற்ற நூல்களையும் கேட்டனுப்பியதாகவும் சொல்வார்கள். 'சுதேசக் கிறிஸ்துவ வாழ்க்கைக் கதை', 'ஹிந்து வாழ்க்கைக் கதை' என்று புத்தகங்களின் உபதலைப்புகளே ஒரு கண்காட்சி நுழைவுச்சீட்டு மாதிரி இருக்கின்றன. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க அழைக்கிறார்கள். சரி, அது அந்தக் காலம். ஆனால் நூறு வருஷங்களுக்குப் பிறகு என்ன நடந்தது? 1991-ல் சூசி தாருவும் லலிதாவும் தொகுத்த பெண்ணெழுத்துத் தொகுதியில் இவர் மீண்டும் கண்ணில் பட்டார். 1998-ல் சாந்தனி லொகுகே பதிப்பித்து இரண்டு நாவல்களையும் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. மீனாக்ஷி முகர்ஜி எழுதினார். இந்தக் காரியங்களுக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் உவரியில் உட்கார்ந்துகொண்டு நான் இவற்றைப் படித்திருக்க முடியாது. ஆனால் அதைத் தொடர்ந்து பெருகிய ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்கும்போது, ஜன்னலில் நிற்கிறவர்கள் மாறியிருக்கிறார்களே தவிர எட்டிப் பார்ப்பது மாறவில்லை என்று தோன்றுகிறது. அன்று ஹிந்துப் பெண்ணின் துயரத்துக்கு ஆதாரம். இன்று காலனியப் பெண் பிரக்ஞைக்கு ஆதாரம். நாவல் நன்றாக வந்திருக்கிறதா என்ற கேள்வியை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. நாள் பூராவும் லெட்ஜரில் பதிவு சரிபார்ப்பவன் நான். பதிவு வேறு, படைப்பு வேறு என்பது எனக்குத் தெரியும்.

'சகுணா'வின் சிறந்த பகுதி சகுணாவைப் பற்றியதே அல்ல, அவள் தாய் ராதாவைப் பற்றியது. நாவலின் தொடக்க அத்தியாயங்கள் முழுக்க ராதாவுடையவை. மதம் மாறுவது கணவன். அவனுக்கு அது சத்தியத்தைத் தேடிப் போன பயணம். அவளுக்கோ அது காலடியில் தரை நகர்வது. ஜாதி, உறவு, அடுப்பு, தெய்வம் எல்லாவற்றையும் ஒரே இரவில் இழந்துவிட்டு, நம்பிக்கை ஏதும் இல்லாமல், வேறு போக்கிடம் இல்லை என்பதால் கணவன் பின்னால் போகிறாள். நம்பிக்கை வருவது எவ்வளவோ பிறகு. மதமாற்றத்தைப் பற்றி எழுதுகிற கிறிஸ்துவர்களுக்கு வெளிச்சம் வந்து விழும் அந்த நிமிஷம்தான் முக்கியம். கிருபாபாய் அந்த நிமிஷத்தை ஆணிடம் விட்டுவிட்டு, வெளிச்சம் எட்டாத சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் பெண்ணைப் பார்க்கிறார். அந்தப் பெண் தன் தாய் என்பதால் மட்டும் இது சாத்தியமாகவில்லை. தாயைப் பற்றி எழுதிய எத்தனையோ பேர் தாயைச் சிலையாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து பாஸ்கர். தங்கைக்குப் படிப்பின் ருசியைக் காட்டிவிட்டு இறந்துபோகிற அண்ணன். ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு ஜார்ஜ் எலியட்டின் 'ஃப்ளாஸ் நதிக்கரை ஆலை' (1860) நினைவுக்கு வராமல் போகாது. அங்கே மேகியைவிட மந்தமான அண்ணனுக்குப் படிப்பு கொடுக்கப்படுகிறது. அவள் வெளியே நிற்கிறாள். இங்கே அண்ணனே கதவைத் திறந்துவிடுகிறான். முதல் பார்வைக்கு சகுணா அதிர்ஷ்டசாலி. ஆனால் திறந்துவிட்டவன் இல்லாமல் போன பிறகு அந்தக் கதவு வழியே தனியாக நடக்க வேண்டியிருப்பதுதான் இந்த நாவலின் ஜீவன் இருக்கும் இடம். மிஷன் பெண்கள் அவளுக்குப் படிப்பும் பரிவும் தருகிறார்கள். கூடவே, சுதேசி என்ற இளக்காரத்தையும் தருகிறார்கள். சகுணா அதை விழுங்குவதில்லை, முகத்துக்கு நேராகக் கோபப்படுகிறாள். மிஷன் பத்திரிகை ஒன்றின் பக்கங்களிலேயே இது அச்சானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்பாதி எனக்கு ஏமாற்றமே. சென்னை வந்ததும் நாவல் நாட்குறிப்பாக இளைக்கிறது. கல்லூரி, நோய், கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய இளைஞன், கல்யாணம். வாழ்க்கையில் அப்படித்தான் நடந்தது என்பது பதிலாகாது. ராதாவின் அத்தியாயங்களை எழுதிய கை இந்தக் கல்யாணத்தின் முன் கேள்வி கேட்க மறந்துவிட்டது. சுயசரிதை நாவலுக்கு இருக்கிற பெரிய ஆபத்து இது: தூரத்தில் இருப்பவர்களைப் பார்க்கிற கூர்மை பக்கத்தில் இருப்பவர்களிடம் மழுங்கிவிடுகிறது.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். அஹமத் நகர் என்றதும் நினைவுக்கு வரவேண்டிய இன்னொருவர் லக்ஷ்மிபாய் திலக். கவிஞர் நாராயண வாமன் திலக்கின் மனைவி. கணவர் 1895-ல் கிறிஸ்துவரானார்; ஐந்து வருஷம் கழித்து இவரும் ஆனார். அந்த அனுபவத்தை முதிர்ந்த வயதில் 'ஸ்ம்ருதி சித்ரே' என்று மராட்டியில் எழுதினார். ராதாவின் கதையை ராதாவே சொன்னால் எப்படியிருக்குமோ அப்படி. தீட்டு, மடி, தண்ணீர்க் குடம், கணவனின் பைத்தியக்காரத்தனங்கள், தன் பிடிவாதம் எல்லாவற்றையும் பார்த்து லக்ஷ்மிபாய் சிரிக்கிறார். அழவேண்டிய இடத்திலும் சிரிக்கிறார். கிருபாபாயிடம் இந்தச் சிரிப்பு இல்லை. அவருடைய ஆங்கிலம் சுத்தமானது, சில இடங்களில் கம்பீரமானது. ஆனால் அது புத்தகங்களிலிருந்து வந்த ஆங்கிலம். ஒரு மராட்டியச் சமையலறையின் சண்டையை அந்த ஆங்கிலத்தில் எழுதும்போது சண்டையின் காரம் போய் அதன் தார்மீகம் மட்டும் நிற்கிறது. இயற்கை வர்ணனைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மலையும் அஸ்தமனமும் ஓடையும் அளவுக்கு மீறி வருகின்றன. வேர்ட்ஸ்வொர்த்தைப் பாடப்புத்தகமாகப் படித்தவர்களுக்கு வந்த வியாதி இது, நமக்கும் வந்ததுதான்.

தோரு தத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1877-ல் இருபத்தொரு வயதில் அவரும் அதே க்ஷயரோகத்தில்தான் இறந்தார். பிரெஞ்சில் ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார். ஆங்கிலத்தில் ஒன்றை முடிக்காமல் விட்டுப்போனார். இரண்டிலும் கதாநாயகிகள் ஐரோப்பியப் பெண்கள். அந்த சௌகரியத்தைக் கிருபாபாய் எடுத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த மனிதர்களை, அவர்களுக்குத் தெரியாத மொழியில் பேசவைக்கிற கஷ்டத்தை ஏற்றுக்கொண்டார். தோல்விகள் அந்தக் கஷ்டத்தில் பிறந்தவை. எனக்கு அந்தத் தோல்விகள் தோருவின் பிரெஞ்சு மாளிகைகளைவிட மேலானவையாகப் படுகின்றன.

'கமலா' வேறு வகை. இங்கே ஆசிரியர் தன் வாழ்க்கையை விட்டு வெளியே வந்து, தான் வாழாத ஒரு வாழ்க்கையைச் சிருஷ்டிக்கிறார். தாயில்லாமல், மலையில் ஒதுங்கி வாழும் ஒரு துறவித் தகப்பனின் நிழலில் வளர்கிற பிராமணப் பெண் கமலா. சிறுவயதிலேயே கணேஷுக்கு மணம்செய்து அனுப்பப்படுகிறாள். மாமியார், நாத்தனார், வேலை. கணவன் படித்தவன், மனைவியும் தன்னோடு படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறான். கேலி எழுகிறது. வீடு முறைக்கிறது. கணேஷ் விட்டுவிடுகிறான். நாவலின் திருப்புமுனை இதுதான் என்பேன், பின்னால் வருகிற எந்தச் சம்பவத்தையும்விட. கணேஷ் கொடியவனல்ல. சீர்திருத்த ஆசை உள்ளவன். ஆசை வெட்கத்தைத் தாங்கவில்லை, அவ்வளவே. நமது சீர்திருத்தத்தின் வரலாற்றில் பாதி இந்தக் கணேஷின் வரலாறு. (கவுண்ட்டரில் கைநாட்டுக்குப் பதில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட வருகிற பெண்கள், எழுதத் தொடங்குமுன் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.)

கமலாவைச் சுற்றி காசி, பாகீரதி, ருக்மா, ஹர்னி என்று ஒரு பெண்கூட்டம். கிருபாபாய் இவர்களைத் துயரத்தின் மாதிரிகளாக வரிசைப்படுத்தி நிறுத்தவில்லை. ஒருத்தி முரண்டுகிறாள், ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசுகிறாள், ஒருத்தி மௌனமாகத் தாங்குகிறாள். ஆண்கள் இல்லாத நேரத்தில் கூடிப் பேசிக்கொள்ளும் இந்தப் பக்கங்களில்தான், நான் முன்பு குறை சொன்ன ஆங்கிலம் கொஞ்சம் இளகி, ஒரு பேச்சின் அசைவைப் பெறுகிறது. ராஜமய்யரின் சிறுகுளத்தில் பெண்களின் வம்புப் பேச்சு இதைவிட நூறு மடங்கு உயிரோடு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவர் அந்தப் பேச்சை வெளியிலிருந்து கேட்டு ரசிக்கிறார். கிருபாபாய் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

சாயி என்ற பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. கணேஷை மயக்கி இழுக்கிற, கட்டுப்பாடற்ற அழகி. படிப்பும் சுதந்திரமும் உள்ள ஒரே பெண்ணை நாவல் வில்லியாக்குகிறது. மருத்துவக் கல்லூரிக்குத் தனியாகப் போன ஒருவர் இப்படி எழுதியது விசித்திரம். சுதந்திரமான பெண் என்றால் ஊர் என்ன நினைக்கும் என்ற பயம் ஆசிரியருக்குள்ளேயே இருந்திருக்கிறது. சாயி வருகிற பக்கங்கள் மூன்றாந்தர விக்டோரிய நாவலின் வாடை அடிக்கின்றன. விரைவாகப் புரட்டிவிடலாம்.

புரட்டமுடியாத இடம் கடைசி. கமலாவின் குழந்தை இறக்கிறது. கணேஷ் காலராவில் இறக்கிறான். கமலா விதவை. உறவினனும் வைத்தியனுமான ராமச்சந்தர் நெடுங்காலமாக அவளை நேசித்துவருகிறவன். தன்னோடு வந்துவிடும்படி கேட்கிறான். அவளுக்கும் மனம் அசைகிறது. ஆனால் மறுத்துவிடுகிறாள். எஞ்சிய வாழ்நாளை ஏழை எளியவர்களுக்கும் விதவைகளுக்கும் செலவிடுகிறாள். கதைசொல்லி குறுக்கிட்டு, இது அவளுடைய மதத்தின் வெற்றி என்கிறார், அந்த மதத்தைச் சற்றுத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே.

இந்த முடிவைச் சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். ஒன்பது வருஷம் கழித்து, 1903-ல், நமது மாதவையா 'முத்துமீனாக்ஷி'யில் தன் விதவைக்கு மறுமணம் செய்துவைத்தார். சீர்திருத்தக் கணக்கில் மாதவையாவுக்கே மதிப்பெண். ஆனால் முத்துமீனாக்ஷியின் கல்யாணத்தைப் படிக்கும்போது மாதவையாவின் நல்ல மனசுதான் தெரிகிறது. முத்துமீனாக்ஷி எங்கோ பின்னால் போய்விடுகிறாள். கமலாவின் மறுப்பில் கிருபாபாயின் கொள்கை எதுவும் நிறைவேறவில்லை. அவர் மிஷன் உலகின் பெண். அந்த உலகின் வாசகர்கள் எதிர்பார்த்த முடிவு இரண்டில் ஒன்று: மதமாற்றம் அல்லது விடுதலை. இரண்டையும் அவர் கமலாவுக்குத் தரவில்லை. அவள் தராதபோது ஆசிரியர் எப்படித் தருவது? கதைசொல்லியின் குறிப்புரையை ஒதுக்கிவிட்டு, அந்தக் காட்சியை மட்டும் படியுங்கள். முதன்முறையாகக் கமலாவிடம் ஒருவன் 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கிறான். தகப்பன் கேட்டதில்லை. கணவன் கேட்டதில்லை. எழுத்துக்கூட அவன் ஆசைக்காகத்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது, அவன் வெட்கத்துக்காக நிறுத்தப்பட்டது. கேட்கப்பட்டபோது அவள் 'இல்லை' என்கிறாள். தவறான பதிலாகவே இருக்கட்டும், அது அவளுடைய பதில். கதைசொல்லி மதத்தின் வெற்றி என்று பெயரிட்டுவிட்டுப் போகிற அந்த இடத்தில் மதத்தைவிட ஸ்தூலமான ஒன்று, ஒரு மனுஷி, நின்றுகொண்டிருக்கிறாள்.

மதம் என்று பேசுகிறோம். நான் இருக்கும் இந்தக் கடற்கரையில் மதம் மாறியது குடும்பம் குடும்பமாக அல்ல, ஊர் ஊராக, பதினாறாம் நூற்றாண்டில். உள்ளே தேரிக்காட்டைத் தாண்டினால் கால்டுவெல்லின் இடையன்குடி, அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு வருகிற ஹிந்துக்கள் திரும்பும்போது சுயம்புலிங்க சுவாமியையும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இவர்கள் யாரும் ராதா பட்ட வேதனையைப் பட்டிருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மதமாற்றம் ஒரு தனிமனிதனின் அகத்தில் நடக்கிற நாடகம் என்ற எண்ணமே படித்த பிராமணக் குடும்பங்களின் எண்ணம். கிருபாபாயின் எல்லை அதுதான். மாமனார் ஊரான திருநெல்வேலிச் சீமையின் பனையேறிக் கிறிஸ்துவர்கள் அவர் நாவல்களுக்குள் வரவேயில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்க முடியாது. ஆனால் 'சுதேசக் கிறிஸ்துவ வாழ்க்கை' என்று உபதலைப்பு போடும்போது யாருடைய வாழ்க்கை என்று கேட்கலாம்.

ராஜமய்யரோடு ஒப்பிடாமல் முடிக்க மனமில்லை. கமலாம்பாள் படுகிற பாடு எல்லாம் முடிவில் வேதாந்தத்துக்குப் படிக்கட்டாகிறது. ஏறிப் போகிறவர் முத்துஸ்வாமி ஐயர். கமலாம்பாள் கூடப் போகிறாள். நாவல் என்ற அளவில் அதன் முதல் பாதிக்கு 'கமலா' எந்த இடத்திலும் ஈடாகாது. பேச்சின் செழுமை, ஹாஸ்யம், மனிதர்கள் மேல் உள்ள அலாதியான பிரியம் இவையெல்லாம் கிருபாபாய்க்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் துயரம் வேறெதற்கும் படிக்கட்டாகாமல் துயரமாகவே இருக்கலாம், அதன் நடுவில் அவள் ஒரு முடிவெடுக்கலாம் என்பதை ராஜமய்யர் யோசிக்கவில்லை. தமிழ் நாவல் அதை யோசிக்கத் தொடங்கவே பல பத்தாண்டுகள் ஆயின. மாதவையா 1915-ல் 'கிளாரிந்தா'வை ஆங்கிலத்தில் எழுதினார். 1778-ல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற மராட்டியப் பிராமண விதவையின் கதை. மராட்டியப் பிராமணப் பெண், கிறிஸ்துவம், திருநெல்வேலி. கிருபாபாய் எழுதியிருக்கவேண்டிய நாவல் அது என்று எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. மாதவையாவிடம் கிளாரிந்தா உத்தமியாக இருக்கிறாள். கிருபாபாயிடம் அவள் இன்னும் கொஞ்சம் கோபக்காரியாக இருந்திருப்பாள்.

இரண்டு நாவல்களும் 1896-ல் தமிழில் பெயர்க்கப்பட்டன. 'கமலாம்பாள் சரித்திரம்' புத்தகமாக வந்த அதே வருஷம். ஆக, அந்த வருஷம் தமிழ் வாசகன் கையில் இரண்டு கமலாக்கள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியைப் பற்றி நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். மற்றவளை இன்றைய தமிழில் யாராவது மறுபடி மொழிபெயர்க்க உட்கார்ந்தால், ராதாவின் அத்தியாயங்களிலிருந்தும் அந்தப் பெண்கள் கூடிப் பேசும் பக்கங்களிலிருந்தும் தொடங்கட்டும். அந்தப் பேச்சு எந்த வீட்டில் கேட்கப்பட்டதோ அந்த வீட்டின் வாடை தமிழிலாவது திரும்ப வருகிறதா என்று பார்க்கலாம். சாயியையும் சூரிய அஸ்தமனங்களையும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.